மலை, கிராமம், மந்தை: மூன்றும் ஒன்றாகக் கிடைக்குமா?

திருகோணமலையில் ஆகஸ்ட் விடுமுறைப் பேச்சு எந்த வீட்டில் தொடங்கினாலும் கடைசியில் நுவரெலியாவில்தான் போய் முடிகிறது. வாவியில் படகு, பக்கத்தில் குதிரைச் சவாரி, வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, சுவெட்டர் வாங்க ஒரு மணித்தியாலம், சரி, வீட்டுக்கு வரலாம். "அது வேண்டாம், இந்த முறை ஒரு பழைய மலைக்கிராமத்துக்குப் போவோம், மாடு எருமை வளர்த்துச் சீவித்த சனங்கள் இருக்கிற இடமாகப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் பேச்சு நகராது. யூடியூபில் பார்த்த மீமுரே என்று ஒருவர் சொல்வார், அம்பேவெல பால் பண்ணை என்று இன்னொருவர், கொஞ்சம் காசு புழங்குகிற மச்சான் ஊட்டிக்கே போய்விடலாமே என்பார், அதோடு தேத்தண்ணி வந்துவிடும்.

மூன்றும் போகத்தக்க இடங்கள்தான், ஆனால் ஒரே மாதிரியான இடங்கள் இல்லை. நாம் தேடுவதில் மூன்று சங்கதி இருக்கிறது: மலை, கிராமம், மந்தை. நம் கைக்கெட்டிய தூரத்தில் இதில் இரண்டுதான் சேர்ந்து கிடைக்கும், மூன்றாவது எப்படியோ கழன்றுவிடும். மூன்றும் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. அதற்குக் கடல் தாண்ட வேண்டும், தாண்டினாலும் நினைத்த மாதிரி உள்ளே நுழைந்துவிட முடியாது. ஆகவே எங்கே போவது என்று கேட்பதற்கு முன்னால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டுக்குள் கதைத்துக்கொள்ளுங்கள்.

மந்தை மட்டும் போதும் என்றால் மலைக்கே போகத் தேவையில்லை, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அந்தப் பக்கம் போனால் போதும். பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கினதும் பட்டிக்காரர் மாடுகளைக் காட்டோரத்து மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவதும், அறுவடை முடிந்து வெறும் தாள் மட்டும் நிற்கிறபோது திரும்ப வயலில் இறக்குவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. அல்ப்ஸ் மலைக்காரர் கோடையில் மேலே, குளிருக்குக் கீழே என்று மந்தையை ஏற்றி இறக்குகிறார்கள், அதைப் பார்க்க உலகம் பூராவும் இருந்து ஆட்கள் போகிறார்கள். நம்மவர்கள் அதே வேலையைச் சமதரையில் மழையையும் வயலையும் பார்த்துச் செய்கிறார்கள், எட்டிப் பார்க்க ஆளில்லை. குறிசுடுகிற நாளில் ஒரு பட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்: நெருப்பில் சிவந்த கம்பி, கயிறு போட்டு விழுத்தின நாம்பன், மயிர் பொசுங்குகிற மணம், சுட்டு முடிந்ததும் எழும்பி ஒன்றும் நடக்காதது போல் புல்லுக்குப் போகிற அதன் முகம். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அம்பேவெலயில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கறுப்பு மாடுகள் பெரிய அதிசயமாக இருக்காது.

அப்படியானால் மலை என்ன புதிதாகக் காட்டும்? சமதரை இல்லாத இடத்தில், குளிரில், சரிவில், மாடும் மனிசரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் காட்டும். அதைத்தான் பார்க்கப் போக வேண்டும்.

முதலில் மீமுரே. கண்டி மாவட்டம், நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஒளிந்திருக்கிற ஊர். 2010 இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காட்டோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறிய மலைத்தொடர் இது. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய வரை வந்து, அங்கே இடப்பக்கம் திரும்பி லூல்வத்தை, கோபட்ஸ் கெப் என்று ஏறி, பிறகு ஊருக்குள் இறங்க வேண்டும். கவனியுங்கள், இறங்க வேண்டும். மீமுரே உச்சியில் இருக்கிற ஊர் இல்லை, மலைகள் சுற்றி நிற்கிற ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. ஆகவே நுவரெலியாக் குளிரை நினைத்துக் கம்பளி மூட்டை கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. கோபட்ஸ் கெப்புக்குப் பிறகு வீதி ஒடுக்கம், வளைவுகளில் எதிரே ஒரு வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும். தாழ்ந்த வானை மேலேயே நிறுத்திவிட்டு ஜீப்பில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்பதுதான் வழக்கமான பாதை. பொலன்னறுவை, மன்னம்பிட்டி, மகியங்கனை என்று சுற்றி, பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறி ஹுன்னஸ்கிரிய வருவது இன்னொன்று. வயிற்றைப் பிரட்டுகிற ஆட்கள் வாகனத்தில் இருந்தால் இரண்டாவதை மறந்துவிடுங்கள்.

ஊருக்கு எதிரே முக்கோணமாக நிற்கிறது லக்கேகல, 1,300 மீற்றர் சொச்சம். இராவணன் தன் தண்டுமொனர விமானத்தில் கிளம்பியது அந்த உச்சியிலிருந்துதான் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இராவணன் வெட்டைக் கோணேசர் கோயிலடியில் வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு அவர் எதிர்ப்பட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, மனிசன் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்.

மீமுரேயில் கிடைப்பது மலையும் கிராமமும். அது உண்மையான கிராமம், சில நூறு பேர்தான், எல்லாரும் சிங்களம் பேசுகிறவர்கள், நெல், மிளகு, ஏலம், கித்துள் என்று சீவியம். படிப்படியாக வெட்டின வயல். நம் பக்கம் வெட்டுமெசின் வந்து எருமையின் வேலையைப் பறித்துப் பல வருசமாகிறது, சூடடிக்க எருமை விட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது. அந்த இடுக்கான படிவயலுக்குள் பெரிய மெசின் இறங்காது. ஆகவே உழவிலும் சூடு மிதிப்பிலும் எருமையின் காலடி அங்கே இன்னும் முழுதாக அழியவில்லை. ஆனால் மந்தை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பால் அங்கே முதன்மைத் தொழில் இல்லை, எருமை என்பது வயலின் ஒரு கருவி. இரண்டு மூன்று எருமை தண்ணீரில் கிடக்கும், வீட்டுப் பின்புறம் ஒரு பசு கட்டியிருக்கும், அவ்வளவுதான்.

கித்துள் மரத்தை மட்டும் கிட்ட நின்று பாருங்கள். மரத்தோடு கட்டின ஒற்றைக் கழியில் கால் வைத்து ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, முட்டியைக் கழற்றி வேறு முட்டி கட்டிவிட்டு இறங்குகிறார்கள். அந்தப் பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் பாணி. கடையில் போத்தலில் வருகிறதில் பாதி சீனிப்பாகு, இங்கே கரண்டியில் எடுத்தால் நூலாக இறங்கும், கொஞ்சம் புகை மணக்கும். போகிற வழியில் கந்தளாய்ப் பக்கம் வீதியோரக் கடையில் இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு போங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதற்காகத்தான். தயிர் நம்முடையது, பாணி அவர்களுடையது. தங்குகிற வீட்டில் ஒரு சட்டியைக் கொடுத்தால் பாஷை தெரியாவிட்டாலும் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நீங்கள் விருந்தாளி.

குறையும் சொல்ல வேண்டும். சனி ஞாயிறில், அதுவும் நீண்ட விடுமுறையில், ஆற்றங்கரை முழுக்கக் கூடாரமும் பாட்டுப்பெட்டியும். கிராமத்தின் அமைதிக்காகப் போய் கொழும்பின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும். வார நாளில் போகிறவர்களுக்குத்தான் மீமுரே தன் முகத்தைக் காட்டும். மழை பெய்தால் அட்டை. உப்பும் சவர்க்காரமும் சித்தாலேபவும் கொண்டு போங்கள். கைபேசி சிக்னலை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

அதே நக்கிள்ஸின் வடக்குப் பக்கம், மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறுகிற றிவர்ஸ்டன் பாதை நமக்குக் கிட்ட. கண்டிக்குள் நுழைந்து நெரிபடவும் தேவையில்லை. இலுக்கும்புற, பிட்டவல பத்தனைப் பக்கம் போனால் மலைக்குள் மரமே இல்லாத ஒரு புல்வெளி, விளிம்பில் நின்றால் கீழே வயல் படிகள். பத்தனை என்று சொல்லப்படுகிற இந்த மலைப் புல்வெளிகளைப் பார்த்ததும் இங்கே மாடு மேய்ந்தால் எப்படியிருக்கும் என்றுதான் நம் ஊர் மனசு கணக்குப் போடும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம், டிக்கெட் எடுத்து நடந்துவிட்டு வரத்தான். வயதானவர்களோடு போகிற குடும்பத்துக்கு மீமுரேயை விட இதைத்தான் சொல்வேன், விடியவே வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன் மேலே நிற்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் மணலை வாரி அடிக்கிற அதே காற்று அங்கே ஆளைத் தள்ளும்.

அம்பேவெலக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. நுவரெலியாவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள், 1,800 மீற்றருக்கு மேல், நானுஓயாவுக்கும் பட்டிபொலவுக்கும் இடையில் ரயில் நிலையமும் உண்டு. மந்தை இருக்கிறது, மலை இருக்கிறது, பச்சைப் புல் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கிறது, கிராமம் இல்லை. அது ஒரு தொழிற்பண்ணை. ஐரோப்பிய இன மாடுகள் நம் வெயிலில் மூச்சு வாங்கி, தீன் குறைந்து, பாலும் குறைந்து போகும். அந்தக் குளிரில்தான் அவை அவற்றின் இயல்பில் நிற்கும். பண்ணை அங்கே இருப்பதற்குக் காரணமே அதுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு அரை நாள் போங்கள், வாசல் கடையில் பாலும் யோகட்டும் நன்றாக இருக்கும், படம் எடுங்கள், வந்துவிடுங்கள். இதைப் பாரம்பரியம் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ஒருவருமே சொல்லாத ஒரு தெரிவு இருக்கிறது, எனக்கு அதுதான் நெருக்கமாகப் படுகிறது: தோட்டத்து லயங்கள், அதாவது தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அம்பேவெலக்குப் போகிற வழி நெடுக இருக்கிறவைதான், வாகனக் கண்ணாடிக்குள் இருந்தே பார்த்துவிட்டுப் போகிறோம். கொழுந்தெடுத்து முடித்துவிட்டு வருகிற அம்மா வழியில் புல்லறுத்துத் தலைக்கு மேல் ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார், தூரத்திலிருந்து பார்த்தால் புல்லுக்கட்டு தானாக நடந்து வருவது போலிருக்கும். சுற்றிலும் தேயிலை, மாட்டை அவிழ்த்துவிட்டால் தோட்டத்துக்குள் இறங்கிவிடும், ஆகவே மேய்ச்சல் என்ற பேச்சே இல்லை. மாடு கொட்டிலில் நிற்கும், புல் அதைத் தேடி வரும். நம் பட்டிக்காரருக்கு நேர்த் தலைகீழ். நம்மிடம் நூறு மாடு, ஒன்றுக்குக் கறக்கிற பால் கொஞ்சம், இடம் அகலம். அங்கே ஒன்றோ இரண்டோ மாடு, பால் அதிகம், இடம் ஒரு கொட்டில். விடியற்காலையில் பால் சேகரிக்கிற இடத்தில் கான்களோடு நிற்கிற வரிசையைப் பாருங்கள். கொழுப்பும் திண்மமும் அளந்துதான் விலை, மழைக்காலத்துப் புல்லில் தண்ணி கூட என்று அவர்கள் கவலைப்படுவதை நம் மொழியிலேயே கேட்கலாம். இங்கே ஒரு பெரிய வசதி அந்த மொழிதான். மீமுரேயில் புன்னகைத்துக் கை காட்டிச் சமாளித்த உங்கள் அம்மம்மா, லயத்து வாசலில் உட்கார்ந்தால் எழும்ப மாட்டார்.

ஆனால் இதற்கு டிக்கெட்டும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, இருக்கவும் கூடாது. அது வேலை செய்து களைத்த மனிசரின் வீடு. இரண்டு நூற்றாண்டாக அந்த மலையைக் கொத்திக் கொடுத்தும் சொந்தக் காணிக்கு இன்னும் அலைகிற சனங்களின் வாசலில் போய் நின்று 'எவ்வளவு அழகு' என்று படம் எடுப்பது சரியில்லை. யாரையாவது தெரிந்திருந்தால் மட்டும் போங்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து நம் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன, மேலே உறவினர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு அவர்களுடைய ஊர்த் திருவிழாவுக்குப் போவதுதான் முறையான வழி.

இனி ஊட்டி, அதாவது நீலகிரி. மலை, கிராமம், மந்தை மூன்றும் சேர்ந்த இடம் என்றேனே, அது தோடர்களின் மந்து, அதாவது அவர்களுடைய சிற்றூர். ஏறக்குறைய 2,200 மீற்றர் உயரத்தில், இரண்டாயிரம் பேர் சொச்சம் உள்ள ஒரு சமூகம், தலைமுறை தலைமுறையாக எருமையைச் சுற்றியே தங்கள் வாழ்க்கையையும் வழிபாட்டையும் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய எருமை நம் குளத்தில் கிடக்கிற எருமை இல்லை. நீலகிரியில் மட்டும் உள்ள தனி இனம், விரிந்து பிறை போல் வளைகிற கொம்பு, ஆளைக் கண்டால் தலையை நிமிர்த்தி நேராகப் பார்க்கும், நம் எருமையின் சோம்பல் அதனிடம் கிடையாது. பாலைக் கறந்து பதப்படுத்துகிற இடமே அவர்களுக்குக் கோயில், அதைச் செய்கிறவர் பூசாரி. பெண்கள் அந்தக் கோயிலை நெருங்குவதில்லை, தோடப் பெண்களுக்கே அதுதான் கட்டுப்பாடு. முன்பெல்லாம் பாலும் நெய்யும் தோடர் கொடுக்க, தானியம் படகர் கொடுக்க, பானையும் இரும்பு வேலையும் வாத்தியமும் கோத்தர் கொடுக்க என்று அந்த மலையே ஒரு கொடுக்கல் வாங்கலில் ஓடியது.

மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வளைத்துக் கட்டின அரைவட்டக் குடிசையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் கண்ணில் படுவது அதன் வாசல். தவழ்ந்துதான் நுழைய முடியும், அவ்வளவு சின்னது, உள்ளே குளிர் போகக்கூடாது, காட்டு விலங்கும் போகக்கூடாது. இன்று பெரும்பாலானவர்கள் சாதாரண ஓட்டு வீட்டிலும் கொங்கிறீட் வீட்டிலும்தான் இருக்கிறார்கள், ஆகவே மந்துக்குப் போய் 'எல்லாம் மாறிவிட்டதே' என்று ஏமாற்றமடைகிறவர்கள் உண்டு. மாறாமல் இருக்க அவர்கள் யாருக்கும் கடன்படவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் புல்லில் நடந்தது: வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தப் புல்வெளிகளில் தைலமரமும் சீகையும் தேயிலையும் நட்டு நட்டு மேய்ச்சல் சுருங்கிவிட்டது, எருமையும் குறைந்துவிட்டது. நம் ஊர்ப் பட்டிக்காரர் மேய்ச்சல்தரை கேட்டு அலைவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

எந்த மந்துக்குப் போவது? ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில் ஒன்று இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள், வேலை சுலபம், ஆனால் பூங்கா பார்த்த மிச்ச நேரத்தில் பார்க்கிற இடமாகிவிட்டது. முத்தநாடு மந்தில் கூம்பு வடிவத்தில் உயர்ந்த பழைய கோயில் உண்டு, டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் மொற்பர்த் பண்டிகைக்குப் பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் அங்கே கூடுவார்கள், இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். போவதென்றால் ஊட்டியில் ஒரு தோடரிடம் கேட்டுக்கொண்டு, அவரோடு போங்கள், அவர் நில் என்ற இடத்தில் நில்லுங்கள். தமிழ் அவர்களுக்கு நன்றாக வரும். ஏதாவது வாங்க நினைத்தால், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் பெண்கள் போடுகிற பூத்தையல் சால்வை, 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. மெசினில் அச்சடித்த போலி கடைகளில் தொங்கும். துணியைத் திருப்பி, பின்பக்க நூலைப் பாருங்கள், அவர்களிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம்.

பாடும் செலவும் இதில்தான் அதிகம். விசா எடுத்து, யாழ்ப்பாணம் போய், பலாலியிலிருந்து திருச்சி விமானம், அங்கிருந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், பிறகு மலை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீற்றர் மலை ரயில், 2005 இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது, பல்சக்கரத்தில் ஊர்ந்து ஏறும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பயணம், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதி கட்டாயம், வாடகைக் கார்க்காரர் எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். ஒரு கிழமைக்குக் குறைவாக இதற்கு ஒதுக்குவதானால் போகவே வேண்டாம், பாதி நாள் பயணத்தில் போய்விடும், மிச்சத்தில் ஊட்டிக் கடைத்தெருவைத்தான் பார்ப்பீர்கள்.

என்னைக் கேட்டால், இதுவரை எந்த மலைக்கிராமத்திலும் ஓர் இரவு தங்காத குடும்பம் முதலில் நக்கிள்ஸுக்குத்தான் போக வேண்டும். முதியவர்கள் கூட வந்தால் றிவர்ஸ்டன் பக்கம், கால் பலமுள்ளவர்கள் மட்டும் என்றால் மீமுரே, அதுவும் வார நாளில் இரண்டு இரவு. மாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள், பட்டி வைத்திருக்கிறவர்கள், மிருக வைத்தியத் துறையில் இருக்கிறவர்கள், அவர்களுக்கு நீலகிரியை விடச் சிறந்த இடம் கிடையாது, காசு சேர்த்துக்கொண்டு போங்கள். அம்பேவெலயைத் தனிப் பயணமாக வைக்காமல் வேறெங்கோ போகிற வழியில் சேருங்கள். அழைக்க ஆள் இருந்தால் மட்டும் லயம், அப்படி அழைப்பு வந்தால் மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

காலம் பற்றி ஒன்று. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே மழை. வாடைக்காற்றுக் காலத்தில் நம் முற்றம் நனைகிறபோது மீமுரே வீதியும் நனைந்து வழுக்கும், மே முதல் செப்ரெம்பர் வரை போகலாம். அம்பேவெல, நுவரெலியாப் பக்கம் அப்படியில்லை, ஆகஸ்டிலும் தூறிக்கொண்டே இருக்கும், மழைச்சட்டை எடுங்கள். நீலகிரிக்கு மே மாதம் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் வாகனம் நகராது. எங்கள் மலைகளுக்கு எந்த மாதம் போனாலும் முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தங்குகிற இடத்துக்குப் பேசி வீதி எப்படியென்று கேளுங்கள், அதற்கு மேல் என்றால் அறைக்குக் கட்டின முற்பணம் போனாலும் பரவாயில்லை, அந்தக் கிழமை வெளிக்கிட வேண்டாம்.